காணியா, கடதாசியா?

போன மாதம் இந்தப் பக்கத்தில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, போகிற போக்கில் "அமெரிக்காவில் பழைய போர்வீரர்களுக்கு அரசாங்கம் காணி கொடுத்தது" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கடிதங்கள் வந்திருக்கின்றன. கொழும்பில் காணி என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? சரி, இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே.

*போருக்குப் போனவனுக்கெல்லாம் 160 ஏக்கர் சும்மா கொடுத்தார்களாமே, உண்மையா? நான் இரண்டு பேர்ச்சுக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பன்னிரண்டு வருடமாக வழக்காடுகிறேன்.*
— வாசகர், வெள்ளவத்தை

உண்மைதான். ஏக்கருக்கு 160 பேர்ச் என்ற உங்கள் கணக்கில் அது 25,600 பேர்ச், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கதை அவ்வளவு இனிப்பானது இல்லை. 1776-ல் பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்கக் காங்கிரஸின் கையில் காசு இல்லை, படைக்கோ ஆள் வேண்டும். அதனால் போர் முடியும்வரை நிற்கிற சாதாரண சிப்பாய்க்கு 100 ஏக்கர், கேர்ணலுக்கு 500 ஏக்கர் என்று வாக்குக் கொடுத்தார்கள், அதுவும் அப்போது கையில் இல்லாத காணியை. 1812-ல் மறுபடி பிரிட்டனோடு போர் வந்தபோது சிப்பாய்க்கு 160 ஏக்கர் என்றார்கள், 1814 டிசம்பரில் அதை 320 ஆக்கினார்கள்.

அந்த 1812 போர்க்காரருக்கு என்று முதலில் ஒதுக்கிய இடங்களில் ஒன்று மிச்சிகன். அளக்கப் போனவர்களின் அறிக்கை 1815-ல் வந்தது. முழுக்கச் சதுப்பு, நூறு ஏக்கரில் ஒரு ஏக்கர் பயிருக்குத் தேறினால் பெரிய காரியம் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். உடனே மிச்சிகனைக் கைவிட்டு இலினோய், மிசூரிப் பக்கம் மாற்றினார்கள். பிற்காலத்தில் அதே மிச்சிகனில் நல்ல விவசாயம் நடந்தது, அது வேறு கதை.

எல்லைப்புறத்தில் பழங்குடிகளோடு நடந்த சண்டைகளுக்குப் போனவர்கள், அதிலும் மாநிலப் படைகளில் ஒரு மாதம் இரண்டு மாதம் நின்றவர்கள், நெடுங்காலம் வெறுங்கையோடுதான் இருந்தார்கள். அவர்களுக்கு 1850-ல்தான் வழி திறந்தது. ஒன்பது மாதச் சேவைக்கு 160 ஏக்கர், நாலு மாதத்துக்கு 80, ஒரு மாதத்துக்கு 40. பிறகு 1855-ல் இன்னும் தளர்த்தி, 14 நாள் நின்றிருந்தாலே, அல்லது ஒரு சண்டையில் கலந்திருந்தாலே, சிப்பாயோ கேர்ணலோ எல்லோருக்கும் 160 என்று ஆக்கினார்கள். விதவைகளுக்கும் உண்டு. ஆனால் வயதைக் கணக்குப் பாருங்கள்: 1812-ல் 18 வயதில் துவக்குத் தூக்கியவருக்கு 1855-ல் 61.

*நாற்பது வருடம் கழித்து ஒரு கிழவர் வந்து "நான் அந்தப் போரில் நின்றவன்" என்றால் எப்படி நம்புவது? நானும் கோவை பார்த்தே தலை நரைத்தவன், அதனால் கேட்கிறேன்.*
— ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், தெஹிவளை

உங்கள் மேசைக்கு அந்தக் கிழவர் வந்திருந்தால் நீங்கள் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள் ஐயா? படையிலிருந்து விடுவித்த கடிதம் எங்கே என்றுதானே. அங்கேயும் அதைத்தான் கேட்டார்கள். வைத்திருந்தவர் இணைத்தார், தொலைத்தவர் நம்மூர் ஜே.பி. (சமாதான நீதவான்) மாதிரி ஒருவர் முன்னால் போய் நின்று, எந்தக் கப்டன், எந்த மாதம் சேர்ந்தேன், எங்கே கலைத்துவிட்டார்கள் என்று சத்தியம் பண்ணவேண்டும். அவர் அவர்தான் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் சத்தியம் பண்ணவேண்டும். அதோடு விடவில்லை, அந்த ஜே.பி. நிஜமான ஜே.பி.தான் என்று நீதிமன்ற எழுதுவினைஞர் இன்னொரு சான்று எழுதவேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதில் புள்ளடி போட்டார்கள். விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்க வீட்டு பைபிளில் பெயர், தேதி எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்தே அனுப்பினார்கள்.

இதெல்லாம் வாஷிங்டனில் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போகும். அங்கே படைப் பெயர்ப்பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார்கள், தோட்டத்தில் செக்ரோல் என்பார்களே, அந்த மாதிரி ஒன்று. பட்டியல் எழுதியவரோ காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். எழுத்து மாறியிருந்தால் மறுபடி கடிதம், மறுபடி சத்தியம். (அம்மாவின் விதவை ஓய்வூதியத்துக்கு, அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து கூடிவிட்டது என்று மூன்று தரம் சத்தியக் கடதாசி முடித்தவன் நான், ஆகவே எனக்கு அந்தக் கிழவர்களை நன்றாகத் தெரியும்.) இதில் வேடிக்கை, போர் அலுவலகமே 1800 நவம்பரில் எரிந்து, சுதந்திரப் போர்க் காலத்துப் பத்திரங்கள் பெரும்பாலும் சாம்பலாகியிருந்தன. தன் கடதாசியை எரியவிட்ட அரசாங்கம் கிழவரிடம் கடதாசி கேட்டது.

*ஆபிரகாம் லிங்கனும் இப்படிக் காணி வாங்கினாரா?*
— மாணவி, பம்பலப்பிட்டி

வாங்கினார் மகளே. 1832-ல் இலினோயில் பழங்குடிகளோடு நடந்த பிளாக் ஹோக் போரில் தொண்டர் படையில் ஏறத்தாழ 80 நாள் நின்றார். சண்டை எதையும் காணவில்லை, கொசுவோடுதான் இரத்தம் சிந்தினேன் என்று பிற்பாடு காங்கிரஸிலேயே பகிடி விட்டார். நாலு மாதம் நிரம்பாததால் 1850 சட்டத்தில் 40 ஏக்கர், 1855-க்குப் பிறகு மிச்சம் 120. இரண்டையும் அயோவா மாநிலத்தில் எடுத்தார், அங்கே போய்க் குடியிருக்கவில்லை.

*அந்தக் கிழவர்கள் உண்மையில் காட்டுக்குப் போய் வெட்டித் துப்புரவாக்கி வாழ்ந்தார்களா?*
— வாசகர், கொட்டாஞ்சேனை

மிகச் சிலர்தான். கையில் கிடைத்தது காணியே இல்லை, வாரண்ட். அரச உத்தியோகத்தருக்கு ரயில் வாரண்ட் கொடுப்பார்களே, அதை ஸ்டேசனில் நீட்டினால்தானே டிக்கட்? அதேமாதிரி இதை எல்லைப்புறத்துக் காணிக் கந்தோரில் நீட்டி, இடத்தைத் தெரிவுசெய்தால்தான் பிறகு காணி உறுதி வரும். வாதம் பிடித்த காலோடு அறுபது எழுபது வயதில் யார் போவது? 1852-ல் வாரண்டைக் கைமாற்றலாம் என்று சட்டம் வந்ததும் கதை முடிந்தது. தரகர்மார் வாங்கினார்கள், நியூயோர்க்கில் பங்குக்கடதாசி மாதிரி விலை போட்டு விற்றார்கள். அரசாங்கக் காணி ஏக்கர் ஒன்றேகால் டொலர், வாரண்ட் வழியாக அதைவிட மலிவு. காசில்லாத விவசாயிக்கு இந்த வாரண்டால் காணி எடுத்துக்கொடுத்து, வருடத்துக்கு 40 வீதம் வரை வட்டி கறந்தவர்களும் உண்டு.

இதற்காகத்தான் நம் நாட்டில் 1935-ன் காணி அபிவிருத்திச் சட்டம், அரசு கொடுத்த காணியைக் கேட்டுக் கேள்வியில்லாமல் விற்கவிடாமல் கட்டிவைத்தது என்று சிலர் மெச்சுவார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. அவசரத்துக்கு விற்கவும் முடியாமல், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாமல் கிடக்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஆனாலும் ஒரு கிழவரின் 160 ஏக்கர் அவர் கண்ணில் படாமலே தரகரிடம் போனதை நினைத்தால், கட்டிவைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

*அதெல்லாம் இருக்கட்டும், அது யாருடைய காணி?*
— வாசகி, மட்டக்குளி

இதை ஒருவராவது கேட்பார் என்று காத்திருந்தேன். 1847-லிருந்து 1855 வரை வந்த சட்டங்களில் மட்டும் போன காணி 6 கோடி ஏக்கரைத் தாண்டும், நம் இலங்கை மூன்றரை தடவைக்கு மேல். அத்தனையும் பழங்குடிகள் இருந்த மண். பெரும்பாலும் அவர்களோடு போட்ட ஒப்பந்தங்களில் கைமாறியது. பிளாக் ஹோக் போர் முடிந்த கையோடு சோக், மெஸ்குவாக்கி மக்களிடமிருந்து அயோவாவின் கிழக்குப் பக்கத்தை எடுத்தார்கள், 1842-ல் மிச்சத்தையும் எடுத்து அவர்களைக் கன்சாஸுக்கு அனுப்பினார்கள்.

மெஸ்குவாக்கிகள் சிலர் திரும்பி வந்தார்கள். 1857-ல் அயோவாவின் டாமா கவுண்டியில் 80 ஏக்கரை 1,000 டொலருக்கு விலைக்கு வாங்கினார்கள். ஏக்கர் பன்னிரண்டரை டொலர், அதாவது அரசாங்க விலையைப்போலப் பத்து மடங்கு. லிங்கனின் அந்த 40 ஏக்கரும் இதே டாமா கவுண்டியில்தான். மெஸ்குவாக்கிகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள், வாங்கி வாங்கி 8,000 ஏக்கருக்கு மேல் சேர்த்துவிட்டார்கள்.

*இன்னும் விண்ணப்பிக்க வழி இருக்கிறதா?*
— வாசகர், வத்தளை

உங்களுக்கா? 1855-க்குப் பிறகு அவர்களுடைய உள்நாட்டுப் போரில் நின்றவர்களுக்கே வாரண்ட் கிடைக்கவில்லை தம்பி.