பழைய ஜீப்புக்கு வீட்டு வைத்தியம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 1992 மாடல் எம்எம் 540 (மஹிந்திரா டீசல் ஜீப்) இருக்கிறது. பகலில் எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. காலையில் மட்டும் பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. டீசல் பம்பையும் நாசிலையும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) இறக்கி சர்வீஸ் பண்ண வேண்டும் என்கிறார் மெக்கானிக். பெரிய செலவு, செய்யலாமா? (போடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பம்பில் கை வைக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். தேய்ந்துபோன டீசல் பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் படுத்தும். சூடானால் டீசல் இளகிவிடும், தேய்ந்த இடைவெளி வழியாகப் பம்புக்குள்ளேயே கசிந்துவிடும், அதனால் ஓடி வந்த வண்டியை டீக்கடையில் நிறுத்தினால் திரும்ப எடுக்காது. உங்கள் வண்டி அதற்கு நேர்மாறு. சூட்டில் நன்றாக இருக்கிறது, ராத்திரி முழுக்க நின்றால்தான் முரண்டு பிடிக்கிறது.

நாளைக் காலையில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் செல்ஃப் அடிக்கும்போது வீட்டில் யாரையாவது சைலன்சர் பக்கம் நின்று புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவே இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு.

புகை வரவில்லை என்றால் லைனில் காற்று. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது, யாரும் அழுத்தி அனுப்புவதில்லை, அதனால் அந்தப் பக்கத்து ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரியில் டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும், அந்த இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்ளும். ஒழுகல் தெரியவில்லையே என்று எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறோம். எங்கள் வண்டியில் இரண்டு வாரம் இதைத் துரத்தினேன். கடைசியில் கிளாம்புக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு வெடிப்பு, ஒரு முழம் ரப்பர் ஹோஸ் மாற்றியதும் தீர்ந்தது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு ராத்திரி வண்டியின் மூக்கு கீழே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள் (சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத்தான்). மறுநாள் ஒரே அடியில் எடுத்துக்கொண்டால் காற்றுதான் என்பது உறுதி. அப்புறம் டேங்க் முதல் பம்ப் வரை எல்லா ரப்பர் ஹோஸ்களையும் ஃபில்டர் சீலையும் செப்பு வாஷர்களையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்து ஹோஸ் வெடிக்கும், அதுவும் இதே வயதுதானே.

மாற்றிய பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அப்படியும் எடுக்கவில்லை என்றால் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடியுங்கள், டீசல் கசிந்ததும் இறுக்கிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது அந்தப் பைப்புகளின் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வெள்ளைப் புகை வந்தால் ஹீட்டர் பிளக்குகளை (ஸ்டார்ட் பண்ணும் முன் சிலிண்டரைச் சூடாக்குபவை) பாருங்கள். எம்எம் 540-இல் இருக்கும் பழைய பெஜோ எஞ்சின் ஹீட்டரை நம்பித்தான் குளிரில் எழுந்திருக்கும். பிளக்குகளை இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பார்த்தால் எரிந்துபோனது எது என்று தெரிந்துவிடும். நாலில் இரண்டு போயிருந்தாலே மலையடிவாரக் குளிருக்குப் போதும், வண்டி எடுக்காது. அதுவும் சரியாக இருந்தால்தான் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் பலம்) பார்க்க வேண்டும். பம்பை இறக்கும் பேச்சு அதற்கும் பிறகு.

கேள்வி: 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறிவிட்டுப் பேயாட்டம் ஆடுகிறது. நின்றால்தான் அடங்குகிறது. ஸ்டியரிங் டாம்பர் (உதறலை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர்) போட்டால் சரியாகுமா? (வால்பாறையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: டாம்பர் ஆட்டத்தை மறைக்கும், அது எங்கிருந்து வருகிறதோ அந்த இடம் அப்படியே தேய்ந்துகொண்டிருக்கும். ஆழியாறு பக்கம் இறங்க உங்களுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தயவுசெய்து தேய்ந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் டாம்பரை மாட்டிக்கொண்டு இறங்காதீர்கள்.

இதற்கு வொர்க்‌ஷாப் வேண்டாம், ஒரு ஜாக்கியும் ஓர் ஆளும் போதும். முதலில் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்ட வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு பால் ஜாயின்ட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த ஜாயின்ட் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸோடு சேரும் போல்ட்டுகளையும், ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ்களையும் (பட்டை ஸ்பிரிங் முனையின் இணைப்பிலுள்ள உறைகள்) அப்போதே பார்த்துவிடுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தப் பட்டைகள்தான், அதனால் புஷ் போனால் ஆக்ஸிலே அலையும்.

அடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கா கிங் பின்னா (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சு) என்று குழப்பம் வரும். பிரேக்கை ஒருவர் மிதிக்கட்டும், மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் காணாமல் போனால் பேரிங், அப்படியே இருந்தால் கிங் பின் பக்கம். பேரிங் என்றால் நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கி கிரீஸ் மாற்றினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்பது) பார்ப்பது கடைசி வேலை, தேய்ந்த சாமான்களை மாற்றிய பிறகுதான். இரண்டு முன்டயர்களின் முன்பக்கத்திலும் ஆக்ஸில் உயரத்துக்கு நடு வரியில் சாக்பீஸ் குறி போட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னே தள்ளி மறுபடி அளங்கள். முன்பக்க அளவு ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் சக்கரங்கள் வெளியே விரிந்து நிற்கின்றன, உதறல் வரத்தான் செய்யும்.

கேள்வி: அப்பா விட்டுப்போன சிஜே 3பி ஜீப்பை நானே பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றினேன், வண்டி மெல்ல நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. நல்லவேளை, கை வெளியே இருந்தது. ஹேண்ட் பிரேக் லைனிங் மாற்ற வேண்டுமா? (ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. லைனிங்கில் குறை இல்லாமல் இருக்கலாம், அம்மா. உங்கள் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துவிடும் பெட்டி) பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் நின்றால் இரண்டு பின்சக்கரமும் நிற்க வேண்டும், இரண்டும் தரையில் இருக்கும்வரை நிற்கவும் செய்யும். ஒன்றைத் தூக்கிவிட்டால் கதை வேறு. ஷாஃப்ட் நின்றபடி இருக்க, தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுற்றும், தரையிலிருக்கும் சக்கரம் முன்னோக்கி உருளும். இரண்டு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். பிரேக் முழுதாகப் பிடித்திருக்கும்போதே வண்டி நகரும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதிதான்.

அதனால் ஜாக்கி எடுப்பதற்கு முன்பே தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். கூடவே ஃபோர் வீல் போட்டு வையுங்கள், முன் ஹப்புகள் (முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டுபவை) லாக்கில் இருந்தால் முன்சக்கரங்களும் பிடித்துக்கொள்ளும். கட்டைக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். செங்கல்லை ஒருநாளும் வைக்காதீர்கள், எந்த அறிவிப்பும் இல்லாமல் நொறுங்கிவிடும். மலையில் வீட்டு முற்றம் எல்லாமே சரிவுதான், அதனால் சமமான ஒரு இடத்தைச் சிமென்ட் போட்டு வைத்துக்கொண்டால் காலத்துக்கும் உதவும்.

கேள்வி: கியர்பாக்ஸ், ஹவுசிங் (ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் இருக்கும் பெட்டி) இரண்டுக்கும் ஒரே 90 ஆயிலை ஊற்றலாமா? (தாண்டிக்குடி)

பதில்: 90 என்பது தடிமன் மட்டும்தான். டின்னில் ஜிஎல் 4, ஜிஎல் 5 என்று இன்னொரு குறி இருக்கும், அதைப் படியுங்கள். ஹவுசிங்கில் கிரவுன், பினியன் என்ற இரண்டு கியர்களும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுற்றுவதால் ஜிஎல் 5 வேண்டும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல் 4 போதும். ஜிஎல் 5-இல் இருக்கும் கூடுதல் கந்தகச் சேர்மானம் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. இன்னொன்று, ஆயிலை வடிக்கும் முன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் கழலாமல் நின்றால் வண்டியை எங்கும் எடுத்துப்போக முடியாது. வடித்த ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் ஓடையில் இறங்கியபோது தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆக்ஸில் பிரீதர் (காற்று போய்வரும் துளை) அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: எஞ்சின் சூடாகாமல் இருக்க தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கழற்றிவிட்டேன். சரிதானே? (கூடலூர்)

பதில்: சரியில்லை. திரும்ப மாட்டிவிடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் குளிரில் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும், டீசல் முழுதாக எரியாது, எரியாதது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். சூடேறும் வண்டிக்கு ரேடியேட்டரின் உள்அடைப்பையும், வெளியே சீப்புகளில் அப்பிய சேற்றையும், ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள்.

கேள்வி: மழையில் தார்ச்சாலையிலும் ஃபோர் வீல் போட்டு ஓட்டலாமா? லீவர் சில நேரம் திரும்ப வருவதில்லை. (கொல்லிமலை)

பதில்: வேண்டாம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான தூரம் போகின்றன. மண்ணில் சக்கரம் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தாரில் சறுக்க முடியாமல் ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில்தான் லீவர் சிக்குகிறது, உங்கள் சாலையில் வளைவு 70 ஆயிற்றே. நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் வந்துவிடும், பலமாக இழுக்காதீர்கள். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: தரைத்தகடு துருப்பிடித்துவிட்டது. மேலே அலுமினிய செக்கர்டு ஷீட் அடித்துவிடலாமா? அடுத்த வருடம் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். (பெரியகுளம்)

பதில்: பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஷீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் தங்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். துருவை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பிரைமர் அடித்துப் பெயின்ட் பண்ணுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், டீசல் டேங்க் பக்கத்தில் இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள்.

தரைத்தகட்டைவிட எனக்குச் சேஸிஸ்தான் கவலை. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கும்போது வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்ட வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டாம். ஸ்பிரிங் ஹேங்கர் சேரும் இடங்களையும், பாடி உட்காரும் பிராக்கெட்டுகளையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே தின்னப்பட்ட இடம் சொத்தென்று கேட்கும், அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள்.