பி16 பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, அம்மா பிழைப்பாங்களா?

முக்கூடலில் இருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். பீடி சுற்றும் அம்மாவுக்கு 54 வயது. மாதவிலக்கு நின்று வருஷங்கள் கழித்து ரத்தம் படுகிறது என்று காட்டப் போய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை என்று சொல்லியிருக்கிறார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, பி16 பாசிட்டிவ் என்று இருக்கிறது. கட்டியின் மரபணுக்களைச் சோதித்தால் நோய் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என யாரோ சொல்ல, நகையை அடகு வைத்தாவது அதைச் செய்துவிடலாமா, ரிசல்ட் வரும்வரை கரண்ட் வைப்பதை, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சையை, தள்ளிப்போடலாமா என்று கேட்கிறார். எனக்கும் இது வருமா என்பது கடைசிக் கேள்வி.

தள்ளிப்போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். நகையும் வீட்டிலேயே இருக்கட்டும்.

சரி, பி16. பாசிட்டிவ் என்று பார்த்ததும் கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டீர்கள், அப்படி இல்லை. இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்பிவி என்ற வைரஸ், அதிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். செல் தேவையில்லாமல் பெருகாதபடி ஆர்பி என்ற புரதம் தடுத்து வைத்திருக்கிறது, வைரஸின் இ7 புரதம் அந்த ஆர்பியை முடக்கிவிடுகிறது. பி16 என்பது செல் போடும் பிரேக். மாஞ்சோலையில் இருந்து இறங்கும் பஸ்ஸில் பிரேக் அறுந்துவிட்டால் டிரைவர் எப்படி மிதித்துக்கொண்டே இருப்பாரோ, அதுபோல ஆர்பி போன பிறகு செல் பி16-ஐ மேலும் மேலும் உற்பத்தி செய்கிறது, அது தேங்கி நிற்பதைத்தான் நாங்கள் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். ஆக, ரிப்போர்ட் சொல்வது இது எச்பிவியால் வந்த நோய் என்பதை மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த வகைப்பாட்டிலேயே எச்பிவியால் வருவது, எச்பிவி இல்லாமல் வருவது என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், இதில் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படுவது பொதுவாக முதல் வகை. பி16 நெகட்டிவ் என்று வந்திருந்தால்தான் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வைரஸ் என்றதும் சில வீடுகளில் சண்டை வந்துவிடுகிறது. எச்பிவி தாம்பத்தியத்தில் ஈடுபடும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போவது, அது புற்றுநோயாக மாற 10, 20 வருஷங்கள்கூட ஆகும். இதை வைத்து அம்மாவையோ அப்பாவையோ ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது.

அடுத்து, சில இடங்களில் எழுதிக்கொடுக்கும் எஸ்சிசி ஆன்டிஜன் என்ற ரத்தப் பரிசோதனை. அம்மாவுக்கு இருக்கும் ஸ்குவாமஸ் செல் வகைக்கு இது பொருந்தும். சிகிச்சைக்கு முன் மிக அதிகமாக இருந்தால் கட்டி பெரியதாகவோ நெறிக்கட்டிகளுக்குப் பரவியோ இருக்க வாய்ப்பு அதிகம், சிகிச்சைக்குப் பிறகு குறைந்து மறுபடி ஏறினால் நோய் திரும்புகிறதா என்று தேட வேண்டும். ஆனால் சொரியாசிஸ் போன்ற தோல் நோயிலும் சிறுநீரகம் கெட்டாலும் இது ஏறும், அதனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மனம் உடையாதீர்கள். எடுப்பதாக இருந்தால் ஒரே லேபில் எடுங்கள்.

பிடி-எல்1 என்பது வேறு. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து யாருக்கு உதவும் என்று பார்க்கும் சோதனை அது, நோய் திரும்பி வந்தவர்களுக்கும் தொலைவுக்குப் பரவியவர்களுக்கும்தான் இப்போது முக்கியமாகத் தேவைப்படுகிறது. மரபணுச் சோதனையில் பிஐகே3சிஏ மாதிரிப் பெயர்கள் வரும், ஆராய்ச்சிக்கு அவை மதிப்புள்ளவை, ரத்தத்தில் மிதக்கும் எச்பிவி டிஎன்ஏ-வைப் பார்த்து நோய் திரும்புவதைக் கண்டுபிடிக்கும் முயற்சியும் எனக்கு நம்பிக்கை தருவதுதான். ஆனால் 2பி-யில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இவற்றில் எந்த முடிவு வந்தாலும் முதல் சிகிச்சை மாறப் போவதில்லை. சிகிச்சையை மாற்றாத சோதனைக்குக் கடன் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் எதை வைத்துத்தான் சொல்வது? நிலை, கட்டியின் அளவு, நெறிக்கட்டிகளில் பரவியிருக்கிறதா என்பது. அதனால்தான் 2018-இல் நிலைகளைத் திருத்தியபோது, நெறியில் பரவியிருந்தால் 3சி என்று தனியாகவே வைத்தார்கள். எம்ஆர்ஐ, சிடி எடுக்கச் சொன்னால் அதற்குச் செலவழியுங்கள். 2பி என்றால் கர்ப்பப்பைக்குப் பக்கத்துத் திசுவில் பரவியிருக்கிறது என்று அர்த்தம், அதனால் பொதுவாக ஆபரேஷன் செய்வதில்லை, ஏறக்குறைய ஐந்து வாரம் வெளியில் இருந்து கதிர்வீச்சு, கூடவே வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்து, கடைசியில் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. இந்த உள்கதிர்வீச்சைப் பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து விடாதீர்கள், குணமாவதே அதை நம்பித்தான் இருக்கிறது. மொத்தமும் 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு அரை முதல் 1 சதவீதம் வரை குறைவதாகப் பழைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்தப் பரிசோதனையையும் விட இது உங்கள் கையில் இருக்கிறது. நம் பக்கத்தில் ஆனித் தேரோட்டம் முடியட்டும், பிசான அறுப்பு முடியட்டும் என்று நடுவில் ஒரு வாரம் நின்றுவிடுகிறார்கள், பாதிக் கரண்ட் வைத்தபிறகு நின்றால் மிச்சமிருக்கும் செல்கள் வேகமாக வளரத் தொடங்கிவிடும்.

ஹீமோகுளோபினைக் கேளுங்கள். ரத்தம் போய்ப் போய் 7, 8 என்று இருக்கும், 10-க்கு மேல் கொண்டுவரச் சொல்வார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும், சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

உங்களுக்கு வருமா என்றால், இது பரம்பரையாக வரும் நோய் அல்ல. 30 வயது ஆகியிருந்தால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளை இருந்தால் எச்பிவி தடுப்பூசி போடுங்கள்.

பணத்துக்கு, வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வரும். அம்மாவின் பீடித் தொழிலாளர் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய், அதில் என்ன உதவி கிடைக்கும் என்று பீடித் தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தினமும் முக்கூடலில் இருந்து பஸ்ஸில் போய் வருவது அம்மாவுக்கு முடியாது என்று தோன்றினால், அந்த ஐந்தாறு வாரம் பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள்.