பெத்தேன் காட்டில் மாயா நகரங்கள்: குறைந்த செலவில் போக நினைப்பவர்களுக்குக் கேள்வி பதில்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் வடக்கில் இருக்கிறது பெத்தேன் காடு. மாயா என்ற மக்கள் கட்டிய பழைய நகரங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் டிக்காலுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். எல் மிராதோருக்கு இரண்டு முறை நடந்தே போய் வந்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒருவர்: அக்கா, கையில் பத்து நாள்தான், பணமும் குறைவு. டிக்கால் போவதா, எல் மிராதோர் போவதா?

இரண்டுக்கும் போகலாம். குவாத்தமாலா நகரத்தில் இறங்கி, இரவுப் பேருந்தில் ஃப்ளோரெஸ் வந்துவிடுங்கள். பெத்தேன் இட்சா ஏரிக்குள் ஒரு சின்னத் தீவு அது. மாயாக்களின் கடைசி அரசு அங்கேதான் இருந்தது, 1697 மார்ச்சில் ஸ்பானியர்களிடம் விழுந்தது. பொது அறையில் ஒரு படுக்கை எடுத்தால் தங்கும் செலவு அடங்கிவிடும்.

அங்கிருந்து டிக்காலுக்கு 65 கிலோமீட்டர் போல. வேன் போகும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் நான் போனபோது 150 கெட்சால். நான்காம் கோயில் ஏறக்குறைய 65 மீட்டர் உயரம். பக்கத்தில் மரப்படி போட்டிருக்கிறார்கள், அதில் ஏறலாம். முதலாம் கோயிலில் ஏற அனுமதி இல்லை. முன்பு விழுந்து இறந்தவர்கள் உண்டு, அதனால் காவலரிடம் போய்க் கெஞ்ச வேண்டாம்.

எல் மிராதோர் வேறு மாதிரி. ஃப்ளோரெஸிலிருந்து மண் சாலையில் கார்மெலிதா என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து நடக்க வேண்டும். ஒரு வழிக்கே 40 கிலோமீட்டருக்கு மேல். போய்வர ஐந்து அல்லது ஆறு நாள். ஊர்க்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் வழிகாட்டி, சமையல், சுமை தூக்கக் கோவேறு கழுதை எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்கிறது. நான் போன குழுவில் ஆளுக்கு 300 டாலருக்கு முன்னே பின்னே ஆனது. தனியாகப் போனால் கூடும், நான்கு பேர் சேர்ந்தால் குறையும்.

முதல் இரவு எல் தின்தால் என்ற இன்னொரு பழைய நகரில். மறுநாள் பாதை பல இடங்களில் பழைய சக்பே ஓரமாகவே போகும். சக்பே என்றால் வெள்ளைச் சாலை. சுண்ணாம்பு பூசி, மேடாக்கிப் போட்டது, சில இடங்களில் 40 மீட்டர் அகலம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய நெடுஞ்சாலை இப்போது மரங்களுக்குள் கிடக்கிறது. அதன் முடிவில் லா டான்டா என்ற எல் மிராதோரின் பெரிய கோபுரம், தரையிலிருந்து 72 மீட்டர். உச்சியில் நின்றால் நாலா பக்கமும் காடு. அதில் தெரியும் மேடுகளைக் குன்று என்று நினைப்பீர்கள். பலவும் தோண்டாத கோபுரங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், திரும்பவும் சொல்வேன்: தண்ணீர். இந்தக் காட்டுப் பாதையில் ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக்கல், பெய்யும் மழை உள்ளே இறங்கிவிடும். கழுதை சுமந்து வருவதுதான் உங்கள் குடிநீர். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தருவார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

சேலத்திலிருந்து: எந்த மாதம் நல்லது?

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. மழை பிடித்துவிட்டால் தாழ்ந்த சதுப்புகளில் முழங்கால் வரை சேறு, நடைக்கு இரு மடங்கு நேரம் ஆகும்.

பெங்களூரிலிருந்து: வழிகாட்டி இல்லாமல் கைப்பேசி வரைபடத்தை வைத்து எல் மிராதோர் போனால் பாதிச் செலவு மிச்சம் இல்லையா?

போகாதீர்கள். சூயிங்கம்முக்குச் சிக்லே பால் எடுப்பவர்களும் ஷாத்தே ஓலை வெட்டுபவர்களும் போட்ட ஒற்றையடிப் பாதைகள் காடு முழுக்கப் பிரிகின்றன. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஐந்து நாளுக்கான தண்ணீரை உங்கள் முதுகு தாங்காது. வழியில் இருக்கும் குட்டைகள் கோடையில் வற்றிவிடும். இன்னொன்று, நீங்கள் கொடுக்கும் பணத்தில்தான் கார்மெலிதா குடும்பங்கள் காட்டை எரித்து மாட்டுப் பண்ணை போடாமல் காப்பாற்றுகின்றன. அந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து: மாயா என்பதே நம் புராணச் சிற்பி மயன்தானே? கணபதி ஸ்தபதி ஐயாவே சொல்லியிருக்கிறாரே. நீங்கள் ஏன் அதைச் சொல்வதில்லை?

வை. கணபதி ஸ்தபதி மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. குமரிமுனை வள்ளுவர் சிலை ஒன்றே அவர் யார் என்று சொல்லும். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

முதலில் பெயர். டிக்கால் மக்கள் தங்கள் அரசை முதுல் என்றார்கள். அதன் போட்டி நகரான கலக்முலின் அரசர்கள் கானுல், அதாவது பாம்பு வம்சம். 'மாயா' மெக்சிகோவின் யுகதான் பக்கம் வழங்கிய பெயர், பிற்பாடுதான் எல்லோருக்கும் பொதுவாயிற்று. டிக்கால் அரசனை மாயா என்று கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

அடுத்து எழுத்து. 1952இல் சோவியத் ஆய்வாளர் யூரி க்னோரோசொவ் மாயா எழுத்து அசையெழுத்தாகவும் வாசிக்கத்தக்கது என்று காட்டினார். 1960இல் தத்தியானா புரொஸ்கூரியாகொஃப், கல்தூண்களில் இருப்பது அரசர்களின் வரலாறு என்று காட்டினார். இன்று பெரும்பகுதியைப் படிக்கிறார்கள். 378இல் மேற்கிலிருந்து சியாஹ் காக் என்ற தளபதி டிக்காலுக்குள் வந்தது, 695இல் டிக்கால் அரசன் ஹசாவ் சான் கவீல் கலக்முலை வென்றது எல்லாம் தேதியோடு இருக்கிறது. கடல் கடந்து வந்த சிற்பி பற்றி ஒரு வரியும் இல்லை.

மூன்றாவது இரும்பு. நம் ஊரில் அப்போது இரும்பு சாதாரணம். மாயாக்கள் உலோகக் கருவி இல்லாமல், சிக்கிமுக்கிக் கல்லால் செதுக்கித்தான் இவ்வளவும் கட்டினார்கள். கப்பலேறி வந்த ஸ்தபதி உளியை விட்டுவிட்டா வந்திருப்பார்?

ஈரோட்டிலிருந்து: தமால் என்று ஒரு பலகாரம்கூட இருக்கிறதே. தமிழ், தமால். இது எப்படித் தற்செயலாகும்?

தமால் மாயாச் சொல்லே இல்லை. மெக்சிகோவின் நாவாத்ல் மொழியில் 'தமல்லி', அது ஸ்பானியம் வழியாக வந்தது. இரண்டு மொழிகளில் ஒலி ஒத்துப்போகும் சொற்களைத் தேடினால் எந்த இரண்டு மொழியிலும் கிடைக்கும்.

கும்பகோணத்திலிருந்து மறுபடி: அடுக்கடுக்காக ஏறும் கோபுரம் இரண்டு இடத்திலும் இருக்கிறதே. பதில் சொல்லுங்கள்.

கல்லை உயரமாக அடுக்க வேண்டும் என்றால் அடி அகலமாக, நுனி குறுகலாக வரும். எகிப்திலும் அப்படித்தான் வந்தது. நம் கோபுரம் வாசல் மீது நிற்பது, கீழே நுழைந்து போகலாம். லா டான்டா உள்ளே கல்லும் மண்ணும் நிரப்பிய திட்டு, மேலேதான் கோயில். எல் மிராதோரில் பெரிய கட்டடங்கள் எழுந்தது பொது யுகத்துக்கு முன்னே. நம் உயர்ந்த கல் கோபுரங்கள் வர அதற்குப் பிறகு ஆயிரம் வருடம் ஆயிற்று.

எனக்கு இதில் மனம் பொறுக்காத ஒன்று இருக்கிறது. மாயாக்கள் அழிந்துபோன கூட்டம் இல்லை. இன்றும் முப்பது போல மாயா மொழிகள் பேசப்படுகின்றன. ஃப்ளோரெஸ் சந்தையில் கெக்சி பேசும் ஒரு பெண் எனக்கு எண்கள் சொல்லிக்கொடுத்தார், இருபதின் மடங்குகளாக. அவருடைய முன்னோர் கட்டியதை நாம் கட்டியது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? கீழடியை வேறு யாரோ வந்து கட்டித்தந்தார்கள் என்றால் நமக்கு எப்படி இருக்கும்? இத்தோடு மயனை விட்டுவிட்டுப் பயணத்துக்கு வருவோம்.

தஞ்சையிலிருந்து: 2012இல் உலகம் அழியும் என்று சொன்னவர்கள் இவர்கள்தானே?

அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் நாட்காட்டியில் ஒரு நீண்ட நாள்கணக்குச் சுற்று அந்த டிசம்பரில் நிறைந்தது, அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து: போவதற்கு எந்த மாதம் சரி?

மேலே சொல்லியிருக்கிறேன். பிப்ரவரி முதல் ஏப்ரல்.

மாமல்லபுரத்திலிருந்து: சுத்த சைவம் நான். காட்டில் என்ன கிடைக்கும்?

கறுப்பு பீன்ஸ், தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டி, சோறு, வாழைக்காய். பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பது வழக்கம். 'சின் கார்னே' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொல்லாமல் 'சின் மந்தேகா' (கொழுப்பு வேண்டாம்) என்றும் சொல்லுங்கள், அதுவும் கிளம்பும் முன்பே. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பார்கள், அதனால்தான் அந்த மணம். அது மாயா காலத்துப் பழக்கம், சத்தும் கூடும்.

சென்னையிலிருந்து: தனியாக வரும் பெண் நான். பயப்பட வேண்டுமா?

எல் மிராதோர் நடையில் எனக்குப் பயம் வந்ததே இல்லை. குழுவாகவே இருப்பீர்கள், இன்னொரு பெண் இருக்கிறாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கவனம் தேவைப்படுவது நகரங்களில். பேருந்து நிலையத்தில் இருட்டிய பிறகு நடக்காதீர்கள், டாக்ஸியைத் தங்குமிடத்தில் சொல்லி வரவழையுங்கள்.

துபாயிலிருந்து: பலெங்கே பார்த்துவிட்டு உசுமசிந்தா ஆற்றில் படகில் குவாத்தமாலாவுக்குள் போகலாமா?

பலெங்கே மெக்சிகோவில் இருக்கும் மாயா நகரம். முன்பு அழகான வழி அது, யாஷ்சிலான் என்ற இன்னொரு மாயா நகரும் பக்கம். ஆனால் 2023இலிருந்து மெக்சிகோவின் சியாபஸ் மாநில எல்லைப்பகுதியில் குற்றக் கும்பல்களின் மோதல். இப்போதைக்கு அந்த வழியைச் சொல்ல மாட்டேன். செத்துமால், பெலீஸ், சான் இக்னாசியோ என்று சுற்றி வாருங்கள். நேரம் கூடும், பரவாயில்லை.

நெல்லையிலிருந்து: விசா எப்படி எடுப்பது?

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். டெல்லியில் குவாத்தமாலா தூதரகம் இருக்கிறது, அங்கேயே கேளுங்கள். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஓசூரிலிருந்து: மாச்சு பிச்சுவும் சேர்த்து முடிக்க முடியுமா?

அது பெருவில், இன்காக்களுடையது. தனிப் பயணமாக வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: பாம்பு, பூச்சி?

பார்பா அமரியா என்ற விரியன் உண்டு. இரவில் டார்ச் இல்லாமல் கூடாரத்தை விட்டு இறங்காதீர்கள், விழுந்த மரத்தைத் தாண்டும் முன் மறுபக்கம் பாருங்கள். ஆனால் உங்களைப் படுத்தப்போவது உண்ணிதான். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், ஒவ்வொரு மாலையும் உடம்பு முழுக்கத் தேடுங்கள். மாத்திரை, தடுப்பூசிக்கு மருத்துவரைப் பாருங்கள். அவசரத்தில் தூக்கிவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள்.

திருப்பூரிலிருந்து: ஆகஸ்டில்தான் விடுமுறை. மழை என்றாலும் சமாளிக்கலாம் இல்லையா?

மாதம் பற்றி மூன்றாவது கேள்வி, அதனால் கடைசியாகச் சொல்கிறேன். ஆகஸ்டில் எல் மிராதோர் வேண்டாம். டிக்கால், யாஷ்ஹா, டிக்காலுக்கு வடக்கே 23 கிலோமீட்டரில் உள்ள வஷாக்துன், இவை மூன்றும் வண்டியில் போகக்கூடியவை. நன்றாகவே இருக்கும்.

சிவகங்கையிலிருந்து: தண்ணீர், தண்ணீர் என்கிறீர்களே. அப்படியென்றால் அத்தனை ஆயிரம் பேர் அங்கே எப்படி வாழ்ந்தார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் ஊரில் கண்மாய் பார்த்து வளர்ந்தவருக்கு இது உடனே புரியும். மழைநீரைச் சேர்த்துத்தான் வாழ்ந்தார்கள். டிக்காலில் முற்றங்களை லேசாகச் சரித்து, சுண்ணாம்பு பூசி, ஓடும் நீரைக் குளங்களுக்கு இறக்கினார்கள். அங்கே கொரியென்டால் என்ற குளத்தில் படிகமணலும் சியோலைட் என்ற கனிமமும் கொண்டு நீரை வடிகட்டியதற்கான அடையாளத்தை 2020இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு இன்னொரு ஆய்வில், அரண்மனைப் பக்கத்துக் குளங்களில் பாதரசமும் நச்சுப் பாசியும் இருந்தது தெரிந்தது. சுவரில் பூசிய சிவப்புச் சாயத்திலிருந்து வந்த பாதரசம் என்கிறார்கள்.

எல் மிராதோரில் 2009இல் கண்டெடுத்த சுதைச் சிற்பத்தைக் காட்டுவார்கள், நீந்தும் உருவங்கள். அது நீர் சேகரிக்கும் அமைப்பின் சுவரில் இருந்தது. அந்த நகரம் பொது யுகம் 150 வாக்கில் கைவிடப்பட்டது. சுண்ணாம்பு சுடக் காட்டை வெட்டியதால் மண் கரைந்து சதுப்புகளை மூடிவிட்டது என்பது அங்கே நெடுநாள் அகழ்ந்த ரிச்சர்ட் ஹேன்சனின் விளக்கம். அந்தச் சிற்பத்தின் முன்னே ஐந்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், பொறுப்பார்.