பைக் சேடில் பேக்குக்குள் போடும் லைனரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வைத்திருக்கிறார். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நீண்ட பயணம் போகிறவர். பின்சீட்டின் இருபுறமும் தொங்கும் துணியால் ஆன சேடில் பேக் ஒரு ஜோடி ஏற்கெனவே இருக்கிறது, அதோடு ரெயின் கவரும் வந்திருக்கிறது. இப்போது உள்ளே போட்டு எடுக்கும் தண்ணீர் புகாத உள்பையான லைனர் ஜோடி ஒன்றுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கேட்கிறார்களாம். கவர் இருக்கும்போது இது தண்டச் செலவா என்பது அவருடைய சந்தேகம்.

நான் பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். ராத்திரி லாட்ஜுக்குப் போனதும் பையை என்ன செய்கிறீர்கள்? வண்டியிலிருந்து கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்றால் லைனர் வாங்குங்கள். மழைக்காக என்று எல்லோரும் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் எனக்கு அது காசுக்குத் தகுந்த பொருளாகத் தெரிந்தது மழையால் மட்டும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போனேன். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருந்தது. ஆழியாறு தாண்டி ஏறத் தொடங்கினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே பனிமூட்டமும் மழையும் சேர்ந்துகொண்டன. ரெயின் கவர் போட்டிருந்தேன், அதனால் தைரியமாகத்தான் போனேன். வால்பாறையில் லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தியபோது இருட்டிவிட்டது. இரண்டு பைகளையும் இணைக்கும் பட்டை சீட்டுக்கு அடியில் போகிறது. அதை எடுக்கப் பின்சீட்டைக் கழற்ற வேண்டும். விரல்கள் விறைத்துப்போய் பிளாஸ்டிக் கிளிப்பை அமுக்கக்கூட முடியவில்லை. கொட்டுகிற மழையில் கால் மணி நேரம் நின்று கழற்றினேன். பின்சக்கரம் வாரி அடித்த சேறு பையின் பின்பக்கம் முழுக்க அப்பியிருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏற ஏற படியெல்லாம் செம்மண் தண்ணீர். லாட்ஜ் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பழைய செய்தித்தாளை எடுத்து வந்து தரையில் விரித்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

பையைத் திறந்தால் மேலே இருந்த சட்டைகள் காய்ந்தே இருந்தன. அடியில் வைத்த வேட்டியின் மடிப்பு ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஏறியிருந்தது. பிழிந்தபோது சாம்பல் நிறத்தில் சாயம் இறங்கியது. பையின் உள்துணிச் சாயம் அது. எத்தனை முறை துவைத்தும் அந்தக் கறை போகவில்லை.

கவர் போட்டும் எப்படி நனைந்தது என்று அப்போது புரியவில்லை. பிறகு உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. பையின் துணி தண்ணீர் விடாது, உண்மைதான். ஆனால் தையல் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். ஜிப் இன்னொரு வாசல். கவர் மேலிருந்து வரும் மழையைத் தடுக்கும். சக்கரம் கீழிருந்து வாரி அடிக்கும் தண்ணீர், பையின் முதுகுக்கும், பை சக்கரத்தில் படாமல் தாங்கும் கம்பியான சேடில் ஸ்டேவுக்கும் நடுவே புகுந்து கவருக்குள் இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கவரின் அடியில் தேங்கி நிற்கிறது. அதாவது பை ஒரு கிண்ணம் தண்ணீரில் உட்கார்ந்து வருகிறது. அடி நனைந்து மேல் காய்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் படபடத்து கவர் கழன்று போவதும் உண்டு.

லைனர் இந்தச் சிக்கலை வேறு இடத்தில் தீர்க்கிறது. வெளிப்பை நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிடுகிறோம். துணிமணி இருப்பது உள்ளே இருக்கும் இரண்டாவது பையில். நல்ல லைனரில் மூட்டுகள் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும், அல்லது தையல் மேல் உள்பக்கமாக டேப் ஒட்டியிருக்கும். வாயை மடித்துச் சுருட்டி இரு முனைகளையும் கிளிப்பில் மாட்ட வேண்டும். மூன்று சுற்றாவது சுருட்டுங்கள். ஒரு சுற்றோடு விட்டால் தண்ணீர் நுழைய இடம் கிடைத்துவிடும். சுருட்டும் முன் முழங்காலால் மெதுவாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டால் பையும் பாதியாகச் சுருங்கும்.

அடுத்த வருடம் அதே பாதையில் போனேன், அதே மழை. வாசலில் வண்டியை நிறுத்தி, பையின் மூடியைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து லைனரைத் தூக்கினேன். அவ்வளவுதான். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போவது போல மாடிக்குப் போய்விட்டேன். சேறும் சகதியுமாக வெளிப்பை வண்டியிலேயே இருந்தது. காலையில் திரும்ப வைத்து மூட இரண்டு நிமிடம். தினமும் ஒரு ஊர், தினமும் ஒரு அறை என்று ஐந்து நாள் சுற்றுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தால்தான் தெரியும்.

காலிப் பையை வண்டியில் விட்டுப் போனால் திருடு போகாதா என்று கேட்பீர்கள். பூட்டிய காம்பவுண்டுக்குள் நிறுத்த இடம் தரும் லாட்ஜாகப் பார்த்துத்தான் தங்குகிறேன். பட்டை சீட்டுக்கு அடியில் போவதால் பையை அவசரத்தில் உருவ முடியாது. தெருவில் நிறுத்தும் நிலைமை என்றால் பையையும் கழற்றிவிடுவேன்.

இனி காசு விஷயம். ஜோடியாக விற்கிறார்கள் என்பதற்காக இரண்டு வாங்க வேண்டியதில்லை. என் வலதுபக்கப் பையில் டூல் கிட், பஞ்சர் சாமான், செயின் ஸ்பிரே, மழைக்கோட்டு, டியூப், தண்ணீர் பாட்டில். இவற்றில் எது நனைந்தால் என்ன? ராத்திரி அறைக்குக் கொண்டுபோகவும் தேவையில்லை. இடதுபக்கத்துக்கு மட்டும்தான் லைனர். இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் வண்டியில் சைலன்சர் வலதுபக்கம். ஓடும்போது அதன் உலோகம் நூறு டிகிரி செல்சியசைச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்டே வளைந்து பை அதில் சாய்ந்தால் முதலில் வெளிப்பை பொசுங்கும், அப்புறம் உள்ளே இருக்கும் லைனர் இளகி ஒட்டிக்கொள்ளும். இடதுபக்கம், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைக்கும் சேலை கார்டு கம்பி இருப்பதால் பை சக்கரத்தில் படாமல் பத்திரமாக உட்காரும். தனியாக ஒன்று விற்காவிட்டால், நண்பரோடு சேர்ந்து ஒரு ஜோடி வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அதே கம்பெனி லைனர்தான் வேண்டும் என்றும் இல்லை. பையின் வடிவத்துக்கு வெட்டியது என்பது மட்டும்தான் அதில் கூடுதல் வசதி. அடிப்பக்கம் குறுகலான பைக்கு அது உதவும். நீள்சதுரப் பை என்றால் மலையேறுபவர்கள் பயன்படுத்தும், வாயைச் சுருட்டி மூடும் டிரை பேக் ஒன்று போதும். பையை உள்பக்கமாக அளந்துகொள்ளுங்கள், வெளி அளவு ஏமாற்றிவிடும். லைனர் பையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது. சிறிதாக இருந்தால் எடை முழுவதும் லைனரின் மூட்டில் விழும், இடமும் வீணாகும்.

துணியின் கனத்தை டீனியர் என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் அந்த எண். வெளிப்பைக்கு ஆயிரம் டீனியர் நல்லதுதான். லைனர் ரோட்டில் உரசப் போவதில்லை, 210 டீனியரே தாராளம். கனமான தார்ப்பாய் மாதிரியான பி.வி.சி. லைனர் மடியாது, சுருட்டினால் விறைத்து நிற்கும். நிறம் மட்டும் வெளிர்நிறமாகப் பாருங்கள். கறுப்பு லைனருக்குள் கறுப்பு சாக்ஸைத் தேடுவது கொடுமை. மின்சாரம் இல்லாத அறையில் செல்போன் வெளிச்சத்தில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஊரில் மூன்று நாள் தங்குகிறவருக்கு அவசியமில்லை. பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் வண்டி எடுக்கிறவருக்கும் வேண்டாம். ஒரு கிளிப்பைத் தட்டினால் கழன்று வரும் பை வைத்திருப்பவர், அது உண்மையிலேயே உருக்கி ஒட்டிய வாட்டர்ப்ரூஃப் பை என்றால், தாராளமாக விட்டுவிடலாம். அலுமினியப் பெட்டி வைத்திருப்பவர் மட்டும் யோசிக்க வேண்டும். உள்ளே பூச்சு இல்லாத பெட்டியில் வண்டியின் அதிர்வுக்குத் துணி உரசி உரசி கறுப்பு மை மாதிரி ஒட்டும். என் நண்பர் ஒருவர் கல்யாணத்துக்கு வைத்திருந்த பட்டுச் சட்டையில் அப்படித்தான் ஆயிற்று. மழையே பெய்யாவிட்டாலும் அவருக்கு உள்பை தேவை. அதற்கு வாட்டர்ப்ரூஃப்கூட வேண்டியதில்லை, துணிக்கடைக் கட்டைப்பையே போதும்.

சிக்கனமாக முடிக்க நினைத்தால் வழி இருக்கிறது. சீட் கவர் தைக்கும் கடையில் பையைக் கொடுத்து, அதே அளவில் காடாத் துணியில் கைப்பிடி வைத்து ஒரு உள்பை தைக்கச் சொல்லுங்கள். அதற்குள் கனமான பெரிய பாலித்தீன் உறை ஒன்றைப் போட்டு, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாம். ரெக்சினில் தைத்தால் தண்ணீர் வராது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். தையல் துளை வழியாக வரத்தான் செய்யும், அதனால் பாலித்தீனை விட்டுவிடாதீர்கள். வெறும் குப்பை உறையை மட்டும் நம்பாதீர்கள், ஒரே நாள் அதிர்வில் மடிப்புகளில் கிழிந்துவிடும்.

லைனரிலும் குறை உண்டு. தண்ணீர் உள்ளே வராத பையில் ஈரம் வெளியேயும் போகாது. நனைந்த பனியன் ஒன்றை உள்ளே போட்டு மூடினால் மறுநாள் மொத்தத் துணியும் வாடை அடிக்கும். ஈரத்துணிக்குத் தனியாக ஒரு உறை வைத்திருங்கள், அதை வலதுபக்கப் பையில் போடுங்கள். பயணம் முடிந்ததும் லைனரை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயவைக்க வேண்டும். மடித்து அலமாரியில் திணித்துவிட்டால், நம் ஊர் ஈரக்காற்றில் சில வருடங்களில் உள்ளே பூசிய பாலியூரித்தேன் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். என்னுடைய முதல் லைனர் அப்படித்தான் போனது. அது நான் கவனிக்காமல் விட்டதால் வந்தது.

வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். லைனரை உள்பக்கம் வெளியே திருப்பி, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, குளியலறைக் கொக்கியில் மாட்டுங்கள். அடித் தையலைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துப் பாருங்கள். மூலையில் ஒரு சொட்டு ஊறினாலும் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.