முந்நூறு சதுர அடியில் ஒரு வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெங்களூரில் மிகச் சிறிய வீடு கட்டிக்கொள்வது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டு, கட்டடப் பொறியாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி: ஐயா, எங்களுக்கு 20க்கு 30 அடி அளவில் ஒரு சைட் இருக்கிறது. நானும் என் கணவரும் மட்டும்தான். 300 சதுர அடியில் ஓர் அறை, சமையலறை, குளியலறை இருந்தால் எங்களுக்குப் போதும். இத்தனை சிறிய வீட்டுக்கும் பிளான் வாங்க வேண்டுமா?

வேண்டும், அம்மா. வீடு சிறியது என்பதற்காகச் சட்டம் வழிவிடுவதில்லை. இந்தப் பக்கங்களில் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் ஏதோ ஒரு வகையில் இதில்தான் வந்து நிற்கும். மாநகராட்சிச் சட்டம் ‘கட்டடம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் குடிசையும் கொட்டகையும்கூட அடங்குகின்றன. செங்கல்லால் ஆனதா, மரத்தால் ஆனதா, உலோகத்தால் ஆனதா என்பதை அது பொருட்படுத்துவதில்லை.

பிளானுக்கு முன்னால் கத்தாவை, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் உங்கள் சைட்டுக்கு உள்ள பதிவை, பாருங்கள். 2024 அக்டோபர் முதல் பெங்களூரில் சொத்துப் பதிவுக்கு இ-கத்தா கட்டாயம் ஆகியிருக்கிறது. உங்கள் சைட் முறையான மனைகளுக்குரிய ஏ கத்தாவில் இருந்தால் பிளான் ஒப்புதலுக்குத் தடை இல்லை; பி கத்தா என்பது வரி வசூலுக்காக வைக்கப்பட்ட பதிவாகவே இருந்துவந்ததால், அதை வைத்துக்கொண்டு ஒப்புதலும் வங்கிக் கடனும் வாங்குவது கடினம். பி கத்தா மனைகளை ஏ கத்தாவாக மாற்றித் தரும் திட்டத்தை அரசு 2025 இறுதியில் தொடங்கியது. உங்களுடையது பி கத்தாவாக இருந்தால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அந்த வழியில் போய்விடுங்கள். கத்தா என்பது உரிமைப் பத்திரம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்; கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் தனியே சரியாக இருக்க வேண்டும்.

50க்கு 80 அடி வரையிலான சைட்டில் கட்டும் குடியிருப்புகளுக்கு ‘நம்பிகே நக்ஷே’ என்ற ஏற்பாடு 2024இல் வந்தது. பதிவுபெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ இணையவழியில் வரைபடத்தைச் சமர்ப்பித்தால் தற்காலிக ஒப்புதல் விரைவாகக் கிடைக்கும். வேலை முடிந்தபின் வாங்க வேண்டிய ஓ.சி.யை (குடியேறலாம் என்ற சான்றிதழை) பற்றிப் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஓ.சி. இல்லாத கட்டடத்துக்கு மின்சார, குடிநீர் இணைப்புக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கூறியபின் நகரில் எத்தனையோ வீடுகள் மீட்டர் இல்லாமல் நின்றன. அதன்பிறகு 2025 அக்டோபரில், 1,200 சதுர அடி வரையிலான சைட்டில் தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட வீடுகளுக்கு ஓ.சி.யிலிருந்து மாநில அரசு விலக்கு அளித்தது. உங்கள் 600 சதுர அடி சைட் அதற்குள் வருகிறது. ஆனால் இது ஓ.சி.க்கு மட்டுமான விலக்கு, பிளானுக்கு அல்ல.

அறை அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி (2016) ஒரே அறை உள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமலும், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையாமலும், உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி, இருக்குமாறும் அமைய வேண்டும். சமையலறைக்கு 5 சதுர மீட்டரும், கழிப்பிடம் சேர்ந்த குளியலறைக்கு 2.8 சதுர மீட்டரும் வேண்டும். கூட்டினால் 17.3 சதுர மீட்டர், ஏறக்குறைய 186 சதுர அடி. இது வழிகாட்டும் தொகுப்புதான். நகரின் துணைவிதிகளோடும், முன்னாலும் பக்கவாட்டிலும் விட வேண்டிய இடத்தோடும் பொருத்தி உங்கள் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் 300 சதுர அடி தாராளமாகப் போதும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒரேயொரு யோசனை. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் (நகர்ப்புறம் 2.0) கீழ் சொந்த மனையில் கட்டிக்கொள்வோருக்கான உதவி, சுவர்களுக்கு உள்ளே 30 முதல் 45 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு உரியது. 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, நாட்டில் வேறெங்கும் உங்கள் குடும்பத்துக்குப் பக்கா வீடு இல்லையென்றால், உள் பரப்பை 323 சதுர அடியாக ஆக்கிக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று சதுர அடிக்காக அந்த உதவியை இழப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வாசகர்: சுரங்கத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது பெங்களூரில் மகனோடு இருக்க வேண்டியிருக்கிறது. கே.ஆர்.புரத்துக்கு அப்பால் அவன் வாங்கிய சைட்டில் பழைய கப்பல் கன்டெய்னர் ஒன்றை வைத்து வீடாக்கிக்கொள்ளலாம் என்கிறான். சரிவருமா?

லைன் வீட்டில் வாழ்ந்தவருக்குச் சிறிய இடத்தில் குடும்பம் நடத்துவதைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடும்வரை அந்த வரிசை வீடுகளில் எத்தனை தலைமுறை வாழ்ந்தது! அந்த வீடுகளுக்குத் தடித்த சுவரும், முன்னால் உட்காரத் திண்ணையோ வாசலோ இருந்தன. கன்டெய்னரில் இல்லாதவை அவைதான்.

டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். இருபதடிக் கன்டெய்னரின் உட்புறம் 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.39 மீட்டர் உயரம். நான் மேலே சொன்ன 2.4 மீட்டர் அகலத்துக்கு இது ஐந்து சென்டிமீட்டர் குறைவு. உயரமோ ஓரடிக்கு மேல் குறைவு. உயரமான வகைக் கன்டெய்னர்கூட உள்ளே 2.7 மீட்டரைத் தாண்டுவதில்லை. வெயிலுக்காக இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் பஃப் பேனல் (வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை) ஒட்டியபின் அகலம் ஏழடி நான்கு அங்குலமாகச் சுருங்கிவிடும். ஆறடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக ஓரடி நான்கு அங்குலம்தான் மிஞ்சும். இரண்டு கன்டெய்னர்களை ஒட்டி வைத்து நடுச்சுவரை வெட்டலாம் என்பார்கள். நெளிவுத் தகடான அந்தச் சுவரும் பெட்டியின் வலுவில் பங்கு கொள்வதால், வெட்டிய இடமெங்கும் எஃகுச் சட்டம் கொடுக்க வேண்டிவரும். அதோடு மலிவு என்ற பேச்சு முடிந்துவிடும்.

சென்ற சித்திரையில் ஒரு பகல் இரண்டு மணிக்கு அப்படியொரு வீட்டுக்குள் நின்றேன். பேனல் ஒட்டாத மூலையில் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தவுடன் எடுத்துவிட வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மாள் கைக்குழந்தையை வெளியே புங்கமரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தார். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது, வெயில் தாங்கும் என்று நம்பி வாங்கியவர்கள் அவர்கள்.

எஃகுதான் வேண்டுமென்றால், உங்களுக்குத் தேவையான அகலமும் உயரமும் சொல்லி, சட்டமிட்ட போர்ட்டா கேபினாகச் செய்து வாங்குங்கள். அதற்கும் பிளான் உண்டு. இத்தகைய முன்தயாரிப்புக் கட்டடங்களுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு. இறக்குவதற்கு முன்பு தெருவை நடந்து பாருங்கள். டிரெய்லர் திரும்புமா, ஹைட்ரா கிரேன் நிற்க இடமிருக்கிறதா, மேலே மின்கம்பி தாழ்வாகப் போகிறதா என்பவற்றைக் கவனியாமல் முன்பணம் கொடுத்தவர்கள், பெட்டியைத் தெருமுனையிலேயே இரண்டு நாள் நிறுத்திவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விவேக் நகரிலிருந்து ஒரு வாசகர்: என் மாமனார் வீட்டு மொட்டைமாடியில் இப்படியொரு கேபினை வைத்துக் குடியிருக்க அவர் சம்மதிக்கிறார். மாடியில் வெறுமனே ‘வைப்பதற்கும்’ அனுமதி தேவையா?

குடியிருக்க வைப்பதால் அது இன்னொரு தளமாகவே கணக்கிடப்படும். ஏற்கெனவே அந்த மனைக்கு அனுமதிக்கப்பட்ட பரப்பைக் கட்டி முடித்திருந்தால் அங்கே இடமே மீதி இல்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது பளு. வெறும் இருபதடிக் கன்டெய்னரே 2,200 கிலோ. அந்த எடை முழுவதும் நான்கு மூலைகளில் வந்து இறங்குகிறது. கீழே தூணோ உத்தரமோ இல்லாத இடத்தில் அந்த மூலை அமர்ந்தால் தளம் விரிசல் விடும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பழைய வரைபடத்தைப் பார்த்து எழுத்தில் தராமல் எதையும் மேலே ஏற்றாதீர்கள். நாளை மைத்துனர்களுக்குள் பாகப்பிரிவினை வந்தால், கட்டடம் யார் பெயரில் இருக்கிறதோ மாடியும் அவருடையதுதான் என்பதையும் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அல்சூரிலிருந்து ஒரு வாசகி: ஆனேக்கல் பக்கம் விவசாய நிலத்தைக் குண்டா கணக்கில் பிரித்து, சிறிய தோட்ட வீடு கட்டிக்கொள்ளலாம் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

ஒரு குண்டா 1,089 சதுர அடி. நாற்பது குண்டா ஓர் ஏக்கர். விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்ற தடை 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கியது உண்மை. ஆனால் வாங்குவதற்கான தடைதான் நீங்கியதே தவிர, அதில் வீடு கட்டுவதற்கான விதி அப்படியே இருக்கிறது. கர்நாடக நில வருவாய்ச் சட்டம் (1964) 95ஆம் பிரிவின் கீழ் டி.சி. கன்வர்ஷன் (விவசாயம் அல்லாத பயனுக்கு மாற்ற மாவட்ட துணை ஆணையர் தரும் அனுமதி) ஆகாத நிலத்தில் குடியிருப்பு எழுப்பக் கூடாது. பயிர் செய்பவர் தம் சொந்த வாசத்துக்காக நிலத்தின் ஒரு சிறு பகுதியில் பண்ணை வீடு கட்டிக்கொள்ளும் சலுகையை, மூன்று குண்டாவில் தென்னை நான்கு நட்டுவிட்டு வாரக்கடைசியில் வந்து தங்குபவருக்கு நீட்டிச் சொல்வது விற்பவரின் சாமர்த்தியம். பஹணியில் (நில உரிமை, பயிர்ப் பதிவேட்டில்) யார் பெயர் இருக்கிறது, உங்கள் துண்டுக்குத் தனியாக 11இ ஸ்கெட்ச் (நிலத்தைப் பிரிக்கும்போது போடும் அளவை வரைபடம்) போடப்பட்டிருக்கிறதா, மாஸ்டர் பிளானில் அந்த இடம் பசுமைப் பகுதியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். பசுமைப் பகுதி என்றால் கன்வர்ஷன் கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். இந்தக் கேள்விகளுக்குக் காகிதத்தைக் காட்டாமல் பேச்சால் பதில் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள் அம்மா.

பானஸ்வாடியிலிருந்து ஒரு மாணவர்: சக்கரம் பொருத்தி வண்டியாக்கிவிட்டால் கட்டட விதிகளே பொருந்தாதல்லவா?

அப்போது மோட்டார் வாகன விதிகள் பொருந்தும், தம்பி. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஒரே சைட்டில் நிறுத்தி நிரந்தரமாகக் குடியிருந்தால் கதவு எண்ணும் குடிநீர் இணைப்பும் எதன் பெயரில் கேட்பீர்கள்? பயணத்துக்கு நல்லது, குடித்தனத்துக்கு ஆகாது.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு வாசகி: பெரிய வீட்டுக்குச் சதுர அடிக்கு ஒரு விலை சொன்ன ஒப்பந்தக்காரர், எங்கள் சிறிய வீட்டுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார். இது நியாயமா?

பெரும்பாலும் நியாயம்தான். வெறும் தரையும் சுவரும் கூரையும் மட்டுமே பரப்போடு சேர்ந்து குறைகின்றன. குளியலறைக் குழாய்கள், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கழிவுநீர் இணைப்பு, மின் மீட்டர் ஆகியவை வீடு 300 சதுர அடி ஆனாலும் 900 ஆனாலும் ஏறக்குறைய அதே செலவுதான். அச்செலவைக் குறைந்த பரப்பில் வகுத்தால் சதுர அடி விலை உயரத்தான் செய்யும். ஆகவே சதுர அடிக் கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக அளவும் விலையும் எழுதி வாங்குங்கள். குளியலறையும் சமையலறையும் ஒரே சுவரின் இருபுறமும் அமைந்தால் குழாய் வேலை பாதியாகும்.

சைட் இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், 2025 ஆகஸ்ட் இறுதியில் பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாக உயர்ந்ததைக் கணக்கில் சேருங்கள். அதனோடு முத்திரைத் தீர்வையும் மேல்வரிகளும் சேர்ந்து நகரில் மொத்தம் 7.6 விழுக்காடு ஆகிறது. 40 லட்சம் ரூபாய் சைட்டுக்கு 3,04,000 ரூபாய். உங்கள் பக்கம் வரும் நன்மையும் ஒன்று உண்டு. சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டின் மொத்தச் செலவு 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால், கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கான 1 விழுக்காடு செஸ் கிடையாது.

தண்ணீருக்காகச் செலவிடத் தயங்காதீர்கள். மழைநீர் சேகரிப்பு, புதிய வீடுகளைப் பொறுத்தவரை 1,200 சதுர அடி சைட்டிலிருந்துதான் கட்டாயம். ஆனாலும் ஆண்டுக்கு 970 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் இந்த ஊரில், 300 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 27,000 லிட்டர் நீரைப் பெறுகிறது; சிந்தியதும் முதல் மழையில் கழித்துவிடுவதும் போக இருபதாயிரம் லிட்டராவது நிற்கும். 2024 மார்ச்சில் 6,000 லிட்டர் டேங்கருக்கு மாவட்ட நிர்வாகம் 600 ரூபாய் என்று விலை வரம்பு வைத்தபோது, காசு இருந்தும் சந்துக்குள் லாரி நுழைய முடியாமல் குடத்தோடு தெருமுனைக்கு நடந்த வீடுகள் எத்தனை!

இன்னொரு செலவையும் இப்போதே செய்துவிடுங்கள். பிற்காலத்தில் மாடி எழுப்ப எண்ணமிருந்தால், அஸ்திவாரத்தையும் தூண்களையும் இரண்டு தளங்களுக்கு ஏற்றவாறு போட்டு, பிளானிலும் அதைக் காட்டி, தூண் கம்பிகளைக் கூரைக்கு மேலே மூன்றடி விட்டு, நுனி துருப்பிடிக்காதபடி சிமெண்டுப் பால் தடவி மெலிந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள்.