பிராட்சைடு என்றால் என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரோஸ் ஹில் மாணவர்: ஐயா, எதிர்க்கட்சிக்காரர் அமைச்சர் மீது ‘பிராட்சைடு’ தொடுத்ததாக ஆங்கில நாளிதழில் படித்தேன். இது கடற்படைச் சொல்லா?

ஆமாம் தம்பி. முதலில் அது கப்பலின் பக்கவாட்டை மட்டும் குறித்தது. பிறகு அந்தப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் பீரங்கிகளுக்கும், அவை சேர்ந்து சுடும் தாக்குதலுக்கும் பெயராயிற்று. நாளிதழ் எடுத்துக்கொண்டது அந்தத் தாக்குதலைத்தான். ஒருவர் இன்னொருவரைச் சரமாரியாகச் சாடினால் அது பிராட்சைடு. லேசாக முணுமுணுத்ததற்கெல்லாம் எழுதினால் சொல் வீணாகிறது.

கத்ர் போர்ன் ஆசிரியை: பிரெஞ்சில் இதற்கு ‘போர்தே’ என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

பீரங்கியைப் பொறுத்தவரை ஒன்றுதான் அம்மா. ஆனால் போர்தேக்கு வேலை அதிகம். கப்பலில் முறைவைத்துக் காவல் பார்க்கும் பாதி மாலுமிகளும் போர்தே. காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து செல்லும் பாய்மரக் கப்பலின் ஒரு வளைவும் போர்தே. வசைமாரிக்கும் அந்தச் சொல் உண்டு. கரையிறங்கிய மாலுமிகள் மதுக்கடை மதுக்கடையாக ஏறி இறங்குவதையும் அப்படியே சொல்வார்கள். அதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

மாஹேபூர் வாசகி: எங்கள் ஊர்க் குடாவில் 1810இல் நடந்த போரை இதை வைத்து விளக்க முடியுமா?

இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தக் காலத்துப் பீரங்கியை அதிகம் திருப்ப முடியாது. கப்பலைத்தான் திருப்பிக் குறிவைக்க வேண்டும். ஆகஸ்ட் 23 அன்று பிரிட்டிஷாரின் நான்கு ‘ஃபிரிகேட்’ வகைப் போர்க்கப்பல்கள் நம் மொரீஷியஸின் கிராண்ட் போர்ட் குடாவுக்குள் நுழைந்தன. அவற்றில் சிரியஸும் மஜிசியேனும் பவளப்பாறையில் ஏறி அசையாமல் நின்றுவிட்டன. மஜிசியேனின் பீரங்கிகளில் சில மட்டுமே எதிரியை நோக்கி இருந்தன; மற்றவை வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நெரெயிட் கப்பலின் கதி இன்னும் மோசம். நங்கூர வடம் அறுந்ததும் அது சுழன்று, பிரெஞ்சுக் கப்பலான பெல்லோனின் முழுப் பக்கவாட்டுக்கும் தன் பின்புறத்தைக் காட்டியது. பின்புறம் கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட பலவீனமான இடம். அங்கே நுழையும் குண்டு தடுப்பாரின்றிக் கப்பலின் நீளம் முழுதும் ஓடும். இதை ஆங்கிலத்தில் ‘ரேக்கிங்’ என்பார்கள். நெரெயிட்டில் இறந்தோரும் காயமுற்றோரும் இருநூறுக்கு மேல். அதன் தலைவர் வில்லோபிக்கு ஒரு கண் போயிற்று. பிரெஞ்சுத் தளபதி டுப்பெரேயும் அடிபட்டார். இருவருக்கும் சிகிச்சை நடந்த வீடுதான் உங்கள் ஊர் அருங்காட்சியகம். வெற்றி பிரெஞ்சுக்காரர்களுக்கு; ஆனால் அதே டிசம்பரில் தீவே பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது.

திரியோலே வாசகர்: எல்லாப் பீரங்கிகளும் ஒரே நேரத்தில் வெடிக்குமா?

கட்டாயமில்லை. மொத்தமாகச் சுட்டால் கப்பலின் மரச்சட்டங்களே அதிரும். அதனால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடுத்தடுத்துச் சுடுவதும் உண்டு.

போர்ட் லூயி வாசகர்: இன்றும் இச்சொல் கடற்படையில் இருக்கிறதா ஐயா?

சுழலும் பீரங்கி மேடைகள் வந்தபிறகும் கொஞ்ச காலம் இருந்தது. 1906இல் வந்த டிரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் 12 அங்குலப் பீரங்கிகள் பத்து. ஒரு பக்கமாகச் சுடக்கூடியவை எட்டு. அந்த எட்டைத்தான் அதன் பிராட்சைடு என்றார்கள். ஏவுகணைக்குப் பக்கம் பார்க்கத் தேவையில்லை. ஆகவே இப்போது அது பெரும்பாலும் நாளிதழ்க்காரர்களின் சொத்து.