பால்மரம் வெட்டிய உடம்புக்கும் மாரடைப்பா?

கேள்வி: முப்பது ஆண்டுகள் விடியுமுன்னே எழுந்து, நெற்றி விளக்கோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பாவுக்குப் போன மாதம் மாரடைப்பு வந்தது. உழைத்த உடம்புக்கு இது எப்படி வந்தது? கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றும் கேட்கிறார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, உழைப்பு இதயத்தைக் காக்கும் என்பது உண்மைதான். லண்டன் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டியவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் குழுவினர் 1953இல் எழுதினார்கள். ஆனால் அது முழுக் காவல் ஆகாது. அமெரிக்காவின் பிராமிங்காம் ஊரில் 1948இல் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வு, இரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் ஆகியவை மாரடைப்புக்கு வழிவகுப்பதைப் படிப்படியாக வெளிப்படுத்தியது. இவற்றில் முதல் இரண்டும் வலியே தராமல் வளர்பவை. நம் தோட்டத்து மக்கள் ஏமாறுவது இங்கேதான்.

மாத்திரையைத் தயவுசெய்து தாமாக நிறுத்த விடாதீர்கள். ஏற்கெனவே இதயநோய் கண்ட 4,444 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், சிம்வாஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை எடுத்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. மாத்திரையால் தசைவலி இருந்தால் கிளினிக் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார்.